கழுத்தில் இருப்பது அழுக்கல்ல



சென்ற பள்ளி விடுமுறைக்குச் சில நாள் முன்பு, காலையில் டிஸ்பென்சரிக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். ஒரு பாட்டி தம் பேரனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பையனுக்குப் பத்து வயது. பின்கழுத்து முழுக்கச் சிவந்து, இரண்டு இடத்தில் தோல் வழண்டு போயிருந்தது.

"என்ன பாட்டி, விழுந்துட்டானா?" என்று கேட்டேன்.

"விழலய்யா. எல்லாம் அழுக்கு. எம்புட்டுத் தேய்ச்சாலும் போவ மாட்டேங்குது. நேத்து பீர்க்கங்கூட்ட வச்சு நல்லா தேய்ச்சுப்புட்டேன். பள்ளிக்கூடத்துல புள்ளைங்க கேலி பண்ணுதாம். போட்டுக் குளிக்க ஏதாச்சும் மருந்து குடுங்க."

பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கழுத்தைப் பார்த்தேன். சிவந்த இடத்தைச் சுற்றி, வெல்வெட்டுத் துணி போலத் தடித்து, கறுத்துப் போன தோல். அக்குளிலும் அப்படியே. நிறுவையில் ஏற்றினேன். 56 கிலோ. உயரம் 138 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கு 30 முதல் 35 கிலோ வரை இருந்தால் போதும்.

பாட்டி அழுக்கு என்று நினைத்தது அழுக்கல்ல. உடம்புக்குள் நடக்கிற ஒரு கோளாறு கழுத்தில் வந்து எழுதியிருக்கும் எழுத்து அது. உடம்பில் கொழுப்பு கூடக்கூட, சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. வேலை செய்யாத குறையை ஈடுகட்ட, உடம்பு மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகுதி இன்சுலின்தான் கழுத்துத் தோலையும் அக்குள் தோலையும் தடிக்க வைத்துக் கறுக்க வைக்கிறது. சோப்பு போட்டாலும் போகாது. கல்லை வைத்துத் தேய்த்தாலும் போகாது. எடை குறைந்தால் மெல்ல மெல்லத் தானே மங்கும். குறையாவிட்டால், அடுத்து இனிப்பு நீர் வரக்கூடும்.

விரலில் ஊசி குத்திச் சீனி பார்த்தேன். இனிப்பு நீர் என்று சொல்லும் அளவு இல்லை. ஆனால் நிம்மதியாக இருக்கும் அளவும் இல்லை. அரசாங்கக் கிளினிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

போகும்போது பாட்டியிடம், "இவன் என்னென்ன சாப்பிடுறான்?" என்று கேட்டேன். காலையில் பெரிய கிளாஸ் நிறைய மாவுப்பானம், மூன்று கரண்டி தூளும் டின் பாலும் போட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கலர் தண்ணி. சாயந்திரம் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு பாக்கெட் கெரோப்போக்; இல்லாவிட்டால் மீ பாக்கெட்டை வேகவைக்காமல் அப்படியே நொறுக்கி, மசாலாத் தூளைத் தூவித் தின்பது. இரவில் சோறு சரியாக இறங்குவதில்லை என்று மறுபடியும் ஒரு கிளாஸ் மாவுப்பானம்.

"பாட்டி, அந்தப் பானத்துல அவ்வளவு சீனி இருக்கே" என்றேன்.

பாட்டி என்னை வியப்பாகப் பார்த்தார். கையை நீட்டி என் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். "என்னய்யா இப்படிச் சொல்றீங்க? அது கெட்டதுன்னா நீங்க எதுக்கு ஆஸ்பத்திரிச் செவுத்துல ஒட்டி வச்சிருக்கீங்க?"

திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகளின் உயரம் அளக்கும் நீளத்தாள். பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்து ஆள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனது. சென்டிமீட்டர் கோடுகளுக்குப் பக்கத்தில், பந்து உதைக்கும் பையன் ஒருவன். மேலே அந்தப் பானத்தின் டின். இந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேரை அந்தத் தாளில் சாய்த்து நிறுத்தி அளந்திருப்பேன்! கோட்டைப் பார்த்தேனே தவிர, டின்னைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் டின்னைப் பார்த்தார்கள்.

தோழர்களே, நான் இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். பாட்டி கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அவர் போன பிறகு அந்தத் தாளைக் கிழித்து எடுத்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை உடையைக் கடன் வாங்கும் வியாபாரம்

விளம்பரம் ஆஸ்பத்திரிச் சுவரில் ஏறுவது நம் நாட்டில் புதிதல்ல. டெலிவிஷன் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. 1930-களில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் பணியாற்றினார். சீனி போட்ட டின் பாலைக் கைக்குழந்தைகளுக்கு ஏற்றது என்று சொல்லி விற்றுவந்த காலம் அது. நர்ஸ் போல உடுத்திய பெண்களைத் தாய்மார்களிடம் அனுப்பி டின் பாலைப் பரப்பினார்கள். தாய்ப்பாலை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் கரைத்த டின் பாலைக் குடித்த பிள்ளைகள் மெலிந்தார்கள், வயிற்றுப்போக்கில் இறந்தார்கள். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் அந்த டாக்டர் எழுந்து நின்று, 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டே பேசினார். இப்படித் தவறான விளம்பரத்தால் குழந்தைகள் சாவதைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்று சொன்னார். அந்தப் போராட்டம் நீண்டு, 1981-ல் உலகச் சுகாதார நிறுவனம் தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவு விற்பனைக்கு ஒரு நெறிமுறையைக் கொண்டுவந்தது.

அன்று நர்ஸ் உடையைக் கடன் வாங்கினார்கள். என் டிஸ்பென்சரியில் என் சுவரைக் கடன் வாங்கினார்கள். வாடகைகூடக் கொடுக்கவில்லை.

அன்று டின் பால் பிள்ளையை மெலிய வைத்தது. இன்று சீனியும் மாவும் எண்ணெயும் பிள்ளையை ஊத வைக்கின்றன. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே குறைதான்: சத்தில்லாத வயிறு. 2019-ல் எடுத்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், 5 முதல் 17 வயது வரையுள்ள மலேசியப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை உள்ளவர்கள் என்று தெரிந்தது. அதே கணக்கெடுப்பில், 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குட்டையாக இருந்தார்கள். ஒரே நாட்டில், சில நேரம் ஒரே வீட்டில், இரண்டும் இருக்கின்றன. அந்த 2019 கணக்கெடுப்பில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. கால் விரல் எடுத்தவர், கண் மங்கியவர், வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் பட்டணத்துக்குப் போகிறவர் நம்மைச் சுற்றி எத்தனை பேர்! அந்த வரிசையில் பத்து வயதுப் பிள்ளை போய் நிற்க வேண்டுமா?

குசுகுசுப்புச் சந்தை

நம் கோத்தா கோலா மூடாவிலிருந்து ஆற்றைக் கடந்தால், பினாங்கு மாநிலத்துக் கரையில் குசுகுசுப்புச் சந்தை இருக்கிறது. 'பாசார் பிசிக்' என்று மலாய்க்காரர்கள் சொல்வது அதைத்தான். மீன் படகு வந்ததும், வாங்குகிறவர்கள் ஏலக்காரரின் காதில் தங்கள் விலையைக் குசுகுசுவென்று சொல்வார்கள். யார் என்ன விலை சொன்னார் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. சொல்கிறவரும் பெரியவர், கேட்கிறவரும் பெரியவர். மீனின் விலை இருவருக்கும் தெரியும். அதனால் அந்தக் குசுகுசுப்பில் ஏமாற்று இல்லை.

டெலிவிஷன் விளம்பரமும் காதில் குசுகுசுக்கிற வியாபாரம்தான். ஆனால் சொல்கிறவர் கைதேர்ந்த வியாபாரி. கேட்பது பால் பல் விழாத பிள்ளை. ஏழெட்டு வயது வரைக்கும் பிள்ளைகளுக்கு, விளம்பரம் என்பது விற்பதற்காகச் சொல்வது என்றே விளங்குவதில்லை. கார்ட்டூன் பொம்மை சொன்னால் அது உண்மை. பெரியவர் சொல்வது போலத்தான் அதையும் நம்பும்.

இது வெறும் பேச்சல்ல, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2007-ல் அமெரிக்காவில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகச் சுற்றிக் கொடுத்தார்கள். ஒன்று வெறும் தாள். மற்றது டிவியில் அடிக்கடி வரும் ஒரு பெரிய உணவுக்கடையின் முத்திரை போட்ட தாள். முத்திரைத் தாளில் இருந்ததுதான் ருசி என்று பிள்ளைகள் சொன்னார்கள். கேரட்டைக்கூட அப்படித்தான் சொன்னார்கள்! 2009-ல் இன்னொரு சோதனை. 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு தட்டில் நொறுக்குத் தீனி வைத்தார்கள். இடையில் உணவு விளம்பரம் பார்த்த பிள்ளைகள், மற்ற விளம்பரம் பார்த்தவர்களைவிட 45 விழுக்காடு கூடுதலாகத் தின்றார்கள். தட்டில் இருந்தது விளம்பரத்தில் வந்த பண்டம்கூட இல்லை. ஆக, விளம்பரம் ஒரு டின்னை மட்டும் விற்பதில்லை. பசியில்லாத பிள்ளைக்குப் பசியையே விற்கிறது.

நம் நாட்டில் 1963 டிசம்பர் 28-ல் டெலிவிஷன் ஒளிபரப்பு தொடங்கியது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் இரண்டு வீட்டில்தான் பெட்டி இருந்தது. தமிழ்ப்படம் போடும் நாளில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்போம். படம் முடிந்தால் விளம்பரமும் முடிந்தது. மறுநாள் பந்து விளையாடத் திடலுக்கு ஓடிவிடுவோம். 1984-ல் தனியார் டிவி வந்தது. 1996-ல் ஆஸ்ட்ரோ வந்தது. இப்போது பெட்டி கையிலேயே இருக்கிறது. சாப்பாடு ஊட்டக்கூடக் கைப்பேசியைக் காட்ட வேண்டியிருக்கிறது. பாட்டு ஒன்று பார்ப்பதற்குள் இரண்டு விளம்பரம்.

"சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள்

இருக்கிறது, ஆனால் ஓட்டை இருக்கிறது. பிள்ளைகள் நிகழ்ச்சியின்போது துரித உணவு விளம்பரம் போடக்கூடாது என்று 2007-ல் நம் அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை பிள்ளைகள் நிகழ்ச்சியை மட்டுமா பார்க்கிறது? சாயந்திரம் பாட்டி மடியில் படுத்துக்கொண்டு சீரியல் பார்க்கிறது. அப்பாவோடு சேர்ந்து பந்தாட்டம் பார்க்கிறது. அது 'பிள்ளைகள் நிகழ்ச்சி' கணக்கில் வராது. துரித உணவு என்றால் பொரித்த கோழியும் பர்கரும். கலர் தண்ணியும் மாவுப்பானமும் மிட்டாயும் அந்தப் பெயரில் அடங்காது.

2013-ல் சில பெரிய உணவு நிறுவனங்கள், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்த்து விளம்பரம் செய்வதில் கட்டுப்பாடாக இருப்போம் என்று தாங்களாகவே உறுதிமொழி எழுதிக் கொடுத்தன. எது ஆரோக்கியமான பண்டம் என்ற அளவுகோலையும் தாங்களே வகுத்துக்கொண்டன. தோழர்களே, நம் சம்பளத்தை முதலாளியே தனியாக உட்கார்ந்து நிர்ணயித்து, "நியாயமாகத்தான் போட்டிருக்கிறேன்" என்று சொன்னால் ஒப்புக்கொள்வோமா? பேச்சுவார்த்தை எதற்கு, சங்கம் எதற்கு?

சட்டம் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் கண்ணெதிரே சாட்சி உண்டு. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானத்துக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டார்கள். 2024-ல் 50 காசு ஆனது. 2025-ல் மறுபடியும் உயர்த்தினார்கள். "ருசி கெட்டுவிடும், முடியாது" என்றிருந்த பானங்கள் பலவற்றில் சீனி தானாகக் குறைந்தது. முப்பது வருடம் போதனை செய்தும் நடக்காததை ஒரு வரி நடத்திக் காட்டியது.

விளம்பரத்துக்கும் அப்படித்தான். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் குறிவைத்து எந்த விளம்பரமும் செய்யக்கூடாது என்ற சட்டம் 1980 முதல் நடப்பில் இருக்கிறது. சிலி நாட்டில் 2016 முதல் சீனி, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டில் கறுப்பு எட்டுக்கோண முத்திரை. அப்படிப்பட்ட பாக்கெட்டில் கார்ட்டூன் பொம்மை போட முடியாது. 2023-ல் உலகச் சுகாதார நிறுவனமும், உறுதிமொழி போதாது, கட்டாயக் கட்டுப்பாடே வேண்டும் என்று நாடுகளுக்குப் பரிந்துரைத்தது.

தாயைக் குறை சொல்லாதீர்

"அம்மாக்காரி சோம்பேறி, சமைக்க மாட்டேங்கிறா, அதான் பிள்ளை இப்படி" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பையனின் அம்மா சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார். ஷிப்டு வேலை. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். விடியுமுன் போனால் மத்தியானம் களைத்து வருவார். பேரனைப் பார்த்துக்கொள்வது பாட்டி. அந்தப் பாட்டியின் தாய் ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிள்ளைகளைக் காப்பாற்றியவர். பட்டினியைக் கேட்டு வளர்ந்தவருக்குக் கொழுகொழுவென்ற பிள்ளை கண்ணுக்கு அழகு, வீட்டின் பெருமை. அவருக்கு வாங்கிக் கொடுக்கத் தெரிந்த அன்பு ஒரு வெள்ளிப் பாக்கெட்டில் கிடைக்கிறது. விளம்பரக்காரனுக்கு இது நன்றாகத் தெரியும். "நல்ல தாய் இதைத்தான் கொடுப்பாள்" என்று அவன் சொல்வது, வீட்டில் இருக்க முடியாத தாயின் நெஞ்சைப் பார்த்துத்தான்.

அதனால் பையனையும் தாயையும் ஏசிப் பயனில்லை. குண்டா, யானைக்குட்டி என்று கூப்பிடவே கூடாது. வெட்கப்படும் பிள்ளை திடலுக்குப் போகாது. இன்னும் டிவி முன்னாலேயே ஒதுங்கும். கழுத்தைத் தேய்க்கவும் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது

முதலில் டின்னைத் திருப்பிப் படியுங்கள். 100 மில்லிலிட்டருக்குச் சீனி எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். 10 கிராம் என்றால், 325 மில்லி டின்னில் 32 கிராமுக்கு மேல். 4 கிராம் ஒரு தேக்கரண்டி. ஆக எட்டுக் கரண்டி! பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் சேர்த்தே ஐந்தாறு கரண்டிக்குள் இருப்பது நல்லது. எட்டுக் கரண்டி சீனியைக் கிளாசில் அள்ளிப் போட்டுக் கொடுக்கச் சொன்னால் எந்தப் பாட்டியும் கொடுக்க மாட்டார்.

இரண்டாவது, சாப்பிடும்போது டிவியும் கைப்பேசியும் வேண்டாம். பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிள்ளையை மட்டும் தடுத்துவிட்டு நாம் பார்த்தால் அது நடக்காது.

மூன்றாவது, மாவுப்பானம் குடித்தே பழகிய பிள்ளைக்கு ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். மூன்று கரண்டியை இரண்டாக்கி, பிறகு ஒன்றாக்கி, டின் பாலை நிறுத்துங்கள். அது சாப்பாட்டுக்கு மாற்று அல்ல. தாகத்துக்குத் தண்ணீர். சாயந்திரத்துக்கு அவித்த கச்சான், பச்சைப் பயறு, வாழைப்பழம், பப்பாளி. நம் கரையில் கிடைக்கும் கெம்போங் மீனும் வேலியோரத்து முருங்கைக்கீரையும் எந்த டின்னுக்கும் இளைத்தவை அல்ல. அவற்றுக்கு டிவியில் விளம்பரம் கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

கழுத்து கறுத்துத் தடித்திருந்தால், அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் தாமதிக்காமல் டிஸ்பென்சரிக்கோ கிளினிக்குக்கோ கொண்டுவாருங்கள். பட்டினி போட்டு இளைக்க வைக்காதீர்கள். வளரும் பிள்ளைக்கு அது ஆகாது. பல பிள்ளைகளுக்கு எடை ஏறாமல் நிறுத்தினாலே போதும். உயரம் வளர வளர உடம்பு சரியாகிவிடும்.

சங்கம் செய்ய வேண்டியது

ஒரு குடும்பம் தனியாக நின்று கோடிக் கணக்கில் செலவு செய்யும் விளம்பரத்தோடு மல்லுக்கட்ட முடியாது. ஒற்றைத் தொழிலாளி துரையோடு மல்லுக்கட்ட முடியாது என்பதால்தானே சங்கம் வைத்தோம்? இதற்கும் அதே நியாயம்தான்.

நம் கிளைகள் கூடும்போது இதையும் நிகழ்ச்சி நிரலில் போடுங்கள். டிஸ்பென்சரி, ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம் ஆகிய மூன்று இடத்திலும் தின்பண்ட நிறுவனத்தின் தாளோ, பேனரோ, இலவசப் பொருளோ இருக்கக்கூடாது என்று தீர்மானம் போடலாம். விளையாட்டுப் போட்டி நடத்தும்போது பானக் கம்பெனியின் இலவசக் கிளாசுக்குப் பதிலாக நாமே ஒரு பானை மோர் வைக்கலாம். காடு மண்டிக் கிடக்கும் திடலைச் சுத்தம் செய்து, விளக்குப் போட்டுத் தரும்படி நிர்வாகத்திடம் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 2007-ன் கட்டுப்பாட்டைச் சாயந்திர நேரம் முழுவதற்கும், சீனி பானங்களுக்கும், கைப்பேசிக்கும் விரிவாக்கும்படி நம் தலைமையகம் சுகாதார அமைச்சுக்கு எழுத வேண்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்றவை பல வருடமாகச் சத்தமிட்டு வருகின்றன. தொழிலாளர் சங்கத்தின் குரலும் சேர்ந்தால் அந்தச் சத்தம் தூரம் கேட்கும்.

அந்தப் பையன் மாதம் ஒருமுறை வருகிறான். எடை 56-லேயே நிற்கிறது. உயரம் இரண்டு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. இது எனக்குப் பெரிய சந்தோஷம். கழுத்துக் கறுப்பு இன்னும் இருக்கிறது, மங்க நாளாகும். பாட்டி தேய்ப்பதை நிறுத்திவிட்டார். சாயந்திரம் பேரனோடு அவரும் திடலைச் சுற்றி நடக்கிறாராம். "எனக்கும் மூட்டு வலி கொறஞ்சிருக்குய்யா" என்கிறார்.

இப்போது என் சுவரில் தாள் இல்லை. நானே டேப்பை வைத்து அளந்து, பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு கொஞ்சம் கோணல்தான். ஆனால் அதில் எந்த டின்னும் இல்லை. உங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில், ஆயாக்கொட்டகையில், பள்ளியில் நாளைக்கே சுவரைப் பாருங்கள். நான் இத்தனை வருடம் பார்க்காமல் விட்டதை நீங்களும் விட்டுவிடாதீர்கள்.